எதுவும் மிஞ்சாத வேலையும் மெல்லக் காயும் பலகையும்

கிழக்கே இருந்து திருச்சி விமான நிலையத்தின் 27ஆம் எண் ஓடுபாதைக்கு இறங்கும் நாட்களில் தஞ்சாவூர் வட்டாரத்து வயல்கள் காலடியில் விரியும். வலப்பக்கம் தூரத்தில் கொள்ளிடம், அதற்கு இப்பால் காவிரி, பிறகு குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு என்று பிரிந்து பிரிந்து ஓடும் ஆறுகள். வழக்கப்படி ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டித் தண்ணீர் வந்துவிட்ட வருஷமாக இருந்தால், குறுவைக்குச் சேறடித்த வயல்கள் காலை வெயிலில் பளபளவென்று மின்னும். அதில் ஒரு துண்டு எங்களுடையது. பக்கத்தில் இருக்கும் ஃபர்ஸ்ட் ஆபீசரிடம் (துணை விமானி) "அதோ, எங்க ஊர்" என்று சொல்ல வாய் வரும். சொல்லக் கூடாது. 10,000 அடிக்குக் கீழே வந்துவிட்டால், பறப்பதற்குத் தேவைப்படாத ஒரு பேச்சும் காக்பிட்டில் கூடாது. அமெரிக்காவில் 1981ல் வந்த விதி இது. இன்று உலகம் முழுக்க விமான நிறுவனங்கள் கடைப்பிடிக்கின்றன. இறங்கும் நேரத்தில் பேச்சுவாக்கில் கவனம் சிதறி நடந்த விபத்துகளைப் பார்த்து எழுதிய விதி என்பதால் அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் சொந்த ஊருக்கு மேலே பறக்கும்போதும் ஊரை நினைக்காமல் இருக்கப் பழகிய மனசு, வேலை முடிந்த பிறகு எந்த வழியாக ஊர் திரும்புகிறது? கார் எடுத்தால் திருச்சியிலிருந்து எங்கள் ஊர் அய்யம்பேட்டை இரண்டு மணி நேரத்துக்குள். மனசு அவ்வளவு சீக்கிரம் வந்து சேருவதில்லை. அதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

விமானி வேலையின் அழுத்தம் என்றதும் எல்லோரும் கேட்பது இடி மின்னலைப் பற்றி, எஞ்சின் நின்றுபோவதைப் பற்றி. இருபது வருஷம் பறந்தும் அப்படி ஒன்றைத் தரையில் பயிற்சி தரும் சிமுலேட்டரில் மட்டுமே பார்த்து ஓய்வு பெறுகிறவர்கள் நிறைய. உண்மையான பாரம் வேறு இடத்தில் இருக்கிறது. எதுவும் நடக்காதபோதும் ஏதோ நடக்கப்போகிறது என்ற பாவனையில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பதுதான் அது. சாதாரண ஐஎல்எஸ் இறக்கத்தில், அதாவது ஓடுபாதைப் பக்கமிருந்து வரும் ரேடியோ சைகையைப் பிடித்து இறங்கும்போது, மேகம் தாழ்ந்திருக்கும் நாளில், தரையிலிருந்து 200 அடி வரை வந்தும் ஓடுபாதையோ அதன் விளக்குகளோ கண்ணில் படவில்லை என்றால் மறுபேச்சில்லாமல் மேலே ஏறிவிட வேண்டும். அந்த 200 அடியில் இருந்து தரைக்குச் சுமார் 15 நொடி. ஒரு நாளில் நான்கு செக்டர் (ஒரு முறை ஏறி இறங்கினால் ஒரு செக்டர்) என்றால் நான்கு முறை இந்த இடத்துக்கு வந்து போகிறோம். அநேகமாக நான்கு முறையும் வானம் தெளிவாகத்தான் இருக்கும். இருந்தாலும் உடம்பு நான்கு முறையும் தயாராகித்தான் ஆக வேண்டும்.

இதற்கு மேல் பரீட்சைகள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சிம் செக் என்கிற சிமுலேட்டர் பரீட்சை, வருஷா வருஷம் மெடிக்கல், டூட்டி தொடங்குமுன் ஊதிக் காட்ட வேண்டிய மூச்சுப் பரிசோதனை. எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும் அடுத்த பரீட்சையில் தேறினால்தான் அடுத்த மாதச் சம்பளம் என்ற நிலை வேறு எத்தனை தொழில்களில் இருக்கிறது என்று தெரியவில்லை.

உடம்பின் கணக்கு தனி. மேலே பறக்கும்போது கேபினுக்குள் இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்குச் சமம். ஊட்டி 7,300 அடிக்குக் கொஞ்சம் மேல். ஆக, வாரத்தில் ஐந்து நாள் ஊட்டிக்கு ஏறி இறங்குகிற மாதிரி. ஆனால் ஊட்டியின் ஈரம் இருக்காது. கேபின் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்குக் கீழேதான். கண் எரியும், தொண்டை வறளும். இரவு 2 மணியிலிருந்து காலை 6 மணி வரை மனித உடம்பு அடங்கிக் கிடக்க வேண்டிய நேரம். வளைகுடாவிலிருந்து வரும் ராத்திரி விமானங்கள் சரியாக அந்த நேரத்தில்தான் இங்கே இறங்குகின்றன.

இதையெல்லாம் விதிகள் கணக்கில் எடுக்காமல் இல்லை. ஒரு விமானி வருஷத்துக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது. 2024 ஜனவரியில் இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ வெளியிட்ட திருத்தத்தில் வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது. இரவு என்பது நள்ளிரவு முதல் 5 மணி வரை என்று இருந்தது 6 மணி வரை நீண்டது. இரவு நேரத் தரையிறக்கங்கள் ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தன. 2025ல் இரண்டு கட்டமாக இவை நடைமுறைக்கு வரத் தொடங்கின. கூடுதலாகக் கிடைக்கும் அந்த 12 மணி நேரம் எவ்வளவு பெரிது என்பது பறக்கிறவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் விதி நேரத்தைத்தான் கொடுக்க முடியும். அந்த நேரத்துக்குள் மனசு என்ன செய்கிறது என்பதை எந்த ரோஸ்டரும், அதாவது டூட்டி அட்டவணையும், எழுதிக் கொடுக்காது.

ஓய்வு என்பது சும்மா கிடப்பதா?

வேலையிலிருந்து மனிதர்கள் எப்படி மீள்கிறார்கள் என்று ஆராய்ந்த சபீன் சோனன்டாக், சார்லட் ஃபிரிட்ஸ் என்ற இருவர் 2007ல் அதை நான்கு கூறுகளாகப் பிரித்துச் சொன்னார்கள். வேலையை விட்டு மனசு முழுதாக விலகுவது. உடம்பும் மனசும் தளர்வது. வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒன்றில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறுவது. இந்த நேரம் என்னுடையது, இதில் என்ன செய்வது என்று நான்தான் முடிவு செய்வேன் என்ற பிடி. சோபாவில் படுத்துக்கொண்டு போனை நகர்த்திக்கொண்டிருந்தால் இரண்டாவது மட்டும் கொஞ்சம் கிடைக்கும். முதலாவதுகூடக் கிடைக்காது, ஏனென்றால் அதே போனில்தான் ரோஸ்டர் மாற்றம் வருகிறது, விமானிகள் குழுவில் யாரோ ஒருவர் எங்கோ நடந்த சம்பவத்தைப் போட்டிருப்பார்.

எனக்கு இதில் நெடுநாள் புரியாமல் இருந்தது மூன்றாவது. ஏற்கெனவே பரீட்சை பரீட்சையாக எழுதிக்கொண்டிருக்கிறவனுக்கு இன்னொன்றைக் கற்றுக்கொள்வது எப்படி ஓய்வாகும்? பதில் எங்கள் வேலையின் இயல்பிலேயே இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். நன்றாக நடந்த ஒரு விமானப் பயணத்தில் கடைசியில் எதுவும் மிஞ்சாது. பயணிகள் இறங்கிப் போவார்கள், எஞ்சின் அடங்கும், செக்லிஸ்ட் முடியும், விமானத்தின் பதிவேடான டெக் லாகில் ஒரு கையெழுத்து. எதுவும் நடக்கவில்லை என்பதுதான் எங்கள் வேலையின் வெற்றி. வயலில் நாத்து நட்டவர் கரையேறித் திரும்பிப் பார்த்தால் நட்டது கண்ணில் நிற்கும். தச்சருக்கு ஒரு கதவு மிஞ்சும். எங்களுக்கு மிஞ்சுவது நடக்காமல் போன ஒன்று. இப்படியே பத்துப் பதினைந்து வருஷம் போனால் கை எதையாவது பற்றிக்கொள்ளத் தேடுகிறது. அதோடு, அங்கே தவறுக்கு இடமே இல்லை என்பதால், தவறு செய்தாலும் ஒன்றும் ஆகாத ஓர் இடத்துக்காகவும் ஏங்குகிறது.

'பொழுதுபோக்கு' என்ற சொல் இதற்குப் போதாது. பொழுது எங்களுக்குப் போகாமல் இல்லை. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லும் 'கைவேலை'தான் பொருந்துகிறது.

மக்கு காயும் நேரம்

தஞ்சாவூரில் ஓவிய வாத்தியார் ஒருவரிடம் நான் போய்ச் சேர்ந்தது தற்செயல். வீட்டுக்கு ஒரு படம் வாங்கப் போனவன் அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றுவிட்டேன். படத்தை வாங்காமல், கற்றுக்கொடுப்பீர்களா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

தஞ்சாவூர் ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு இருப்பதும், மராட்டியர் காலத்தில் அது செழித்ததும் பலருக்குத் தெரியும். அது எவ்வளவு மெதுவான வேலை என்பது செய்தால்தான் தெரியும். முன்பு பலாப் பலகை, இப்போது பெரும்பாலும் ப்ளைவுட். அதன் மேல் காடாத் துணியைப் பசை போட்டு ஒட்டி, சுருக்கம் இல்லாமல் நீவி, காய விட வேண்டும். காய்ந்த பிறகு சுண்ணப் பொடியும் கோந்தும் கலந்த பூச்சு. அது காய வேண்டும். இன்னொரு பூச்சு. அதுவும் காய வேண்டும். பிறகு தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். அதன் மேல் கோட்டோவியம். நகைக்கும் மண்டபத் தூணுக்கும் கல் பதித்துவிட்டு, சுக்கான் பொடியையும் கோந்தையும் குழைத்த மக்கை வைத்துப் புடைப்பாக எழுப்ப வேண்டும். அது நன்றாக இறுகிய பிறகு 22 காரட் தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு. அப்புறம்தான் வர்ணம். முகம் கடைசியில். கண் அதற்கும் கடைசியில்.

இந்தக் காயும் நேரங்கள்தான் என் ரோஸ்டரோடு இந்தக் கலையைச் சேர்த்து வைத்தன. ஒரு பூச்சுப் போட்டுவிட்டு மூன்று நாள் டூட்டிக்குப் போகலாம். திரும்பி வரும்போது பலகை அடுத்த வேலைக்குத் தயாராகக் காத்திருக்கும். நான் இல்லாததால் அது பின்னால் போயிருக்காது.

ஆனால் முதல் வருஷம் நான் இதைப் புரிந்துகொள்ளவில்லை. செக்லிஸ்ட் போட்டேன். எந்த நாள் துணி, எந்த நாள் பூச்சு, எந்த நாள் மக்கு என்று அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். மூன்று நாள் ஓய்வு கிடைத்த ஒரு வாரத்தில், கிருஷ்ணர் படத்தின் திருவாசி (உருவத்தைச் சுற்றி வரும் வளைவு) முழுவதையும் ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டும் என்று மக்கைக் கனமாக அப்பினேன். மேல் பக்கம் தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தது. போதாததற்கு விசிறியையும் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் வளைவு நெடுக விரிசல், கோடை மாதத்தில் வயல் வெடித்திருப்பது போல. வாத்தியாரிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

"சுரண்டிட்டுத் திரும்ப வைங்க தம்பி" என்றார்.

"முழுசும் போச்சே ஐயா."

"எங்க போச்சு? பலகை இருக்கு, கோடு இருக்கு. மக்குதான போச்சு."

அவர் கத்தியை எடுத்து ஓர் ஓரத்தைச் சுரண்டிக் காட்டிவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பிவிட்டார். நான் அந்தத் திண்ணையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சுரண்டினேன். காரணம் என்ன, யார் பொறுப்பு, மறுபடி நடக்காமல் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டு எழுதி வாங்க அங்கே யாரும் இல்லை. சிமுலேட்டரில் செய்த தவறுக்குக்கூடக் காகிதம் உண்டு. ஒரு தவறைச் செய்து, அதைக் கையாலேயே சுரண்டி எடுத்து, அதே இடத்தில் மறுபடி வைத்தது பெரியவனான பிறகு அதுதான் முதல் தடவையாக இருக்கும். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். அட்டவணையைக் கிழித்துவிட்டேன்.

இதற்கு ஆய்வுத் துணையும் உண்டு, ஓரளவுக்கு. அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழு 2016ல் வெளியிட்ட ஆய்வில் 39 பேரை 45 நிமிடம் களிமண், வண்ணப் பேனா, ஒட்டுப்படம் என்று விருப்பப்படி எதையாவது செய்யச் சொன்னார்கள். முன்னும் பின்னும் எச்சிலில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவைப் பார்த்தார்கள். சுமார் 75 சதவீதம் பேருக்குக் குறைந்திருந்தது. ஏற்கெனவே கலை தெரிந்தவரா, தெரியாதவரா என்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. சிறிய ஆய்வு, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் வைக்கவில்லை. மீதிப் பேருக்குக் குறையவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆனாலும் 'எனக்குக் கலையெல்லாம் வராது' என்று ஒதுங்குகிறவர்களுக்கு இது ஒரு நல்ல சேதி. கை நேர்த்தியாக இருக்க வேண்டும் என்பதில்லை. கை வேலையில் இருந்தால் போதும்.

எந்தக் கைவேலை, எந்த ரோஸ்டருக்கு

டெல்டாவில் கைவேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லாம் விமானிக்கு ஒத்துவராது. சுவாமிமலையில் மெழுகு உருவத்தின் மேல் காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகம் ஊற்றும் வார்ப்பு வேலையை ஒரு நாள் முழுக்கப் பார்த்திருக்கிறேன். மெழுகில் உருவம் செதுக்கும் வரைக்கும் ஆசையாக இருந்தது. உருக்கிய உலோகத்தின் பக்கத்தில் போக என் தொழிலுக்குத் துணிச்சல் இல்லை. விரலில் ஒரு தீக்காயம் என்றால் மெடிக்கலில் பதில் சொல்ல வேண்டும்.

நெட்டி வேலை வேறு மாதிரி. ஏரியிலும் குளத்திலும் வளரும் தண்டைக் காய வைத்து, மேல்தோலைச் சீவினால் உள்ளே தந்தம் போல் வெள்ளையாக, எடையே இல்லாத சோறு, அதாவது தண்டின் மென்மையான உட்பகுதி. கூர்மையான கத்தி ஒன்று போதும், பெரிய கோயிலின் விமானக் கோபுரம் முழுவதையும் அதில் எடுத்துவிடுகிறார்கள். 2020ல் தஞ்சாவூர் நெட்டி வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சாப்பாட்டு மேசை ஓரத்தில் உட்கார்ந்தே செய்யலாம். வெளியூரில் தங்கும் லேஓவருக்கு மட்டும் எடுத்துப் போக முடியாது. அந்தக் கத்தி செக்யூரிட்டியைத் தாண்டாது.

லேஓவர் அறையில் நான் செய்வது புள்ளிக் கோலம். ஒரு நோட்டு, ஒரு பேனா. அம்மா வாசலில் போடும் சிக்குக் கோலங்களில் பாதி எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். காகிதத்தில் போட உட்கார்ந்தால் ஏழு புள்ளிக்கு மேல் கோடு வந்த இடத்துக்குத் திரும்ப மாட்டேன் என்கிறது. படம் எடுத்து அனுப்புவேன். "மூணாவது வரிசையில வளைக்காம விட்டுட்ட பாரு" என்று பதில் வரும். மார்கழி முழுக்க இப்படித்தான்.

இசை இன்னும் ஆழமான துணை, ஆனால் கண்டிப்பானது. வீணை பழகுகிறவரின் இடது கை விரல் நுனியில் தந்தி பட்டுப் பட்டுத் தழும்பேறும். இரண்டு வாரம் வாசிக்காமல் விட்டால் அது இளகிவிடும். மறுபடி தொடும்போது வலிக்கும். ஓவியப் பலகை காத்திருக்கிற மாதிரி விரல் காத்திருக்காது. அதனால் வீணையே கூடாது என்று சொல்ல மாட்டேன். ரோஸ்டருக்கு ஏற்றபடி அதனிடம் எதிர்பார்க்க வேண்டியது என்ன என்பதைத் தெரிந்துகொண்டு தொட வேண்டும்.

எதைத் தொட்டாலும் ஒரு ஆபத்து பொது. இரண்டாவது படம் முடிந்தபோது உறவுக்காரர் ஒருவர் தன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு ஒரு படம் கேட்டார். தேதி சொன்னார், பணமும் தருவதாகச் சொன்னார். சந்தோஷமாக ஒத்துக்கொண்டேன். அடுத்த ஆறு வாரம் என் ஓய்வு நாள்கள் எல்லாம் அந்தத் தேதியை நோக்கி ஓடின. வீட்டில் இருக்கிற இரண்டு நாளும் பலகையோடுதானா என்று மனைவி கேட்டது நியாயம். வேறு யாரோ தேதி குறிக்கிற மாத்திரத்தில், சோனன்டாக் சொல்லும் அந்த நான்காவது கூறு கையை விட்டுப் போய்விடுகிறது. படம் நன்றாகத்தான் வந்தது. அதற்குப் பிறகு யாருக்கும் தேதி கொடுப்பதில்லை. இன்னொன்று: ராத்திரி விமானம் முடிந்து வந்த நாளில் தூரிகையைத் தொடுவதில்லை. தூக்கத்தின் இடத்தைக் கைவேலைக்குக் கொடுத்தால் இரண்டும் கெடும்.

கைவேலையால் ஆகாதது

மனச்சோர்வுக்கு மருந்தாக இதை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு. ஹார்வர்டு ஆய்வாளர்கள் உலகெங்கும் உள்ள விமானிகளிடம் பெயர் கேட்காமல் நடத்தி 2016ல் வெளியிட்ட கணக்கெடுப்பில், மனநலக் கேள்விகளுக்குப் பதில் தந்த சுமார் 1,850 பேரில் 12.6 சதவீதம் பேர் மனச்சோர்வுக்கான அளவுகோலைத் தொட்டிருந்தார்கள். எட்டில் ஒருவர். பெயர் கேட்கவில்லை என்பதால்தான் இவ்வளவாவது வெளியே வந்தது. வெளியே சொன்னால் லைசென்ஸ் போய்விடும் என்ற பயம் எங்கள் தொழிலில் பெரிது. 2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் விமானத்தைத் துணை விமானியே மலையில் மோதவைத்ததில் 150 பேர் இறந்த பிறகு, சக விமானியிடம் மனம் திறந்து பேசும் ஏற்பாடு ஐரோப்பாவில் 2021 பிப்ரவரி முதல் கட்டாயமானது. அப்படிப்பட்ட ஏற்பாடு இருக்கும் இடத்தில் அதைப் பயன்படுத்த வேண்டும். மருத்துவரிடம் போக வேண்டிய நேரத்தில் தங்க ரேக்கு ஒட்டிக்கொண்டு இருக்கக் கூடாது.

ஆனால் கைவேலை ஒரு காரியம் செய்யும்: முன்கூட்டியே காட்டிக் கொடுக்கும். எப்போதும் பிடித்திருந்த ஒன்றில் நாட்டம் விட்டுப்போவது மனச்சோர்வின் இரண்டு முக்கிய அறிகுறிகளில் ஒன்று. விருப்பமான வேலை என்று எதுவுமே இல்லாதவருக்கு அது விட்டுப்போனதும் தெரியாது. எனக்கு ஒரு காலம் அப்படி வந்தது. அப்பா தவறிய பிறகு நான்கு மாதம் பலகை மூலையில் துணி மூடிக் கிடந்தது. டூட்டியில் ஒரு குறையும் இல்லை, சிம் செக்கிலும் நல்ல பெயர்தான். பலகையின் மேல் படிந்த தூசியைப் பார்த்துத்தான் மனைவி, "உங்களுக்கு என்னமோ ஆகுதுங்க, யார்கிட்டயாவது பேசுங்க" என்றாள். பேசினேன். லைசென்ஸ் போகவில்லை.

போன மாதம் ஒரு ஃபர்ஸ்ட் ஆபீசரோடு நான்கு செக்டர் பறந்தேன். நீடாமங்கலம் பக்கத்துப் பையன், வேலைக்கு வந்து ஒன்றரை வருஷம். கடைசி செக்டர் முடிந்து க்ரூ காரில் வரும்போது கேட்டான்: "அண்ணா, அம்மாவோட வீணை வீட்ல சும்மா கிடக்கு. சின்ன வயசுல ரெண்டு வருஷம் கத்துக்கிட்டேன். இந்த ரோஸ்டர வெச்சுக்கிட்டு எடுக்கலாமா?"

கச்சேரி நினைப்பு இல்லை என்றால் எடு என்றேன். உறை போட்டு மூலையில் வைக்காதே, நடக்கும்போது கண்ணில் படுகிற இடத்தில் வை, பத்து நிமிடம் கிடைத்தால் பத்து நிமிடம் ஸ்வரம் வாசி, கணக்கு எழுதாதே என்றேன். நேற்று மெசேஜ் அனுப்பியிருந்தான். தந்தி துருப்பிடித்து, மெட்டுகளைப் பிடித்திருக்கும் மெழுகு உருகி, மெட்டுகள் இடம் பெயர்ந்திருந்தனவாம். தஞ்சாவூரில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். இருபத்து நான்கு மெட்டையும் எடுத்துவிட்டுப் புதிதாக மேளம் கட்ட வேண்டும் (மெட்டுகளைச் சுருதி பார்த்து மெழுகில் பதிக்கும் வேலை), அவசரப்படுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டார்களாம்.